மஞ்சள், நாலு விரல்

இது நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் எனக்கு வயதாகிவிட்டது என்றார்கள். அறுபத்தெட்டு வயது ஆகிவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் காதில் ஒரு பழுதும் இல்லை. தென்காசி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஒங்க காதுக்கு மட்டும் நாப்பது வயசும்மா" என்றார்.

பேய் என்றால் நடு ராத்திரி வேண்டும், அமாவாசை வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. சாயங்காலம் நாலு மணி. சாரலுக்கு நடுவே வெயில்கூட அடித்தது. என் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்றார். அவரும் கேட்டார். அவரும் நானும் அன்றுவரை பேசிக்கொண்டதே சண்டை போடத்தான். எனக்காக அவர் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

என் பெயர் அனுசியா. தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்த காலத்து ஆள். எனக்கு மனிதர்கள் என்றால் குரல்தான். முகம் மறந்துபோகும், குரல் மறக்காது. ஒருவர் "ஹலோ" என்றதும் அவர் சவுதியிலிருந்து பேசுகிற வீட்டுக்காரரா, புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரரா என்று சொல்லிவிடுவேன். ஆகவே இந்தக் கதையையும் யார் என்ன சொன்னார்கள் என்றுதான் சொல்ல வரும்.

என் வீடு இலஞ்சிக்கு மேற்கே, தென்னந்தோப்புக்குள். வீட்டை ஒட்டி ஓர் ஓடை. மலையிலிருந்து நேராக இறங்கி வருகிறது. ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினால் அடைத்துவிடலாம், அவ்வளவுதான் அகலம். ஆனால் வேகம் பொல்லாத வேகம். குற்றாலத்தில் மெயின் அருவி பொங்கினால் இங்கேயும் பொங்கும். ஓடையின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை நிற்கிறது. கூவுகல் என்பார்கள். தண்ணீர் அதில் மோதிக் கூவுவதால் அந்தப் பெயர் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சீசனுக்கு என் தங்கை மகள் வேல்விழி இரண்டு படகோடு வந்து இறங்கினாள். கயாக் என்கிற ஒற்றை ஆள் படகு. கேரளாவில் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தாள். கூட சுஹைப் என்று ஒரு பையன். துபாயில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், ஜீப் வைத்திருந்தான்.

"பெரியம்மா, ஒங்களுக்கு ஒரு வேல இருக்கு."

"பென்ஷன் வாங்குறதுதான் என் வேல. வேற வேண்டாம்டீ."

"பேசுற வேலதான்."

"அப்போ சொல்லு."

கூவுகல்லில் அவள் மூன்று பட்டை பெயிண்ட் அடித்தாள். கீழே பச்சை, நடுவில் மஞ்சள், மேலே சிவப்பு. நான் கரையில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் பட்டையில் நிற்கிறது என்று வாக்கி டாக்கி செட்டில் சொல்லவேண்டும். அவர்கள் ஒரு மைல் மேலே, படகோடு காத்திருப்பார்கள். நான் சொன்ன பிறகுதான் கிளம்புவார்கள்.

"பச்சை தெரிஞ்சா தண்ணி கம்மி. படகு அடி பாறையில தட்டும். கவுந்து எந்திரிச்சு நின்னோம்னா காலு கல்லிடுக்குல மாட்டிக்கிடும். மஞ்சள்ல நின்னா நல்ல தண்ணி. ஒங்க வீட்டுப் பக்கம் வந்து சுகமா கரையேறிரலாம்."

"மஞ்சள் முங்கிட்டா?"

"யாரும் இறங்கக்கூடாது. படகை நிப்பாட்ட எடமே இருக்காது. நேரா பாலம்."

என் வீட்டுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் குழாய்ப் பாலம் இருக்கிறது. சிமெண்ட் குழாய்களை வரிசையாகப் போட்டு மேலே ரோடு போட்டிருப்பார்களே, அது. சுஹைப் மெதுவாகச் சொன்னான்.

"குழாய்க்குள்ள தண்ணி போயிரும் பெரியம்மா. ஆளு போக முடியாது."

இன்னொரு ஆபத்தும் இருந்தது. இடது கரையில், கூவுகல்லுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு தென்னை ஓடைக்குள் சாய்ந்து கிடந்தது. மட்டையும் பன்னாடையுமாகத் தண்ணீரில் மூழ்கி. பாறையைவிட அதுதான் மோசம் என்றாள் வேல்விழி. "சல்லடை மாதிரி. தண்ணிய விட்டுரும், நம்மள விடாது."

அந்த மரம் எதிர்க்கரைத் தோப்புக்காரர் பால்வண்ணநாதனுடையது. எடுக்கச் சொல்லி நானே போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, பிள்ளைக படகு விடுதுக. அந்த மரத்த இழுத்துப் போட்டா நல்லது."

"டெலிபோன் அம்மா, அது எம் மரம், எங் கரை. ஒங்க படகு போன வாரம் வந்தது. மரம் அங்கனயே பொறந்தது. யாரு வழி விடணும்?"

அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஒரு கண்.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. வேல்விழி நிறம் மட்டும்தான் சொல்லித் தந்தாள். முதல் நாளே நான் ஒன்று கூடுதலாகச் சேர்த்தேன். பாறைக்கு நேராகக் கையை நீட்டி, தண்ணீருக்கு மேல் மஞ்சள் எத்தனை விரல் தெரிகிறது என்று அளந்து சொன்னேன். "மஞ்சள். நாலு விரல் தெரியுது. வரலாம். லைன்ல இருங்க."

"அட, விரல் கணக்கு நல்லா இருக்கே பெரியம்மா."

"அனுபவம்டீ" என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

நான் சொன்னதை அவள் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். எக்ஸ்சேஞ்சு பழக்கம். திருப்பிச் சொல்லாமல் நான் யாரையும் விட்டதில்லை.

அப்புறம்தான் சின்னச் சின்னதாகத் தப்பு நடக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் காலை. அடுப்பில் பால் வைத்திருந்தேன். செட் அடுப்படித் திண்டில் கிடந்தது. நான் இன்னும் ஓடைப் பக்கமே போகவில்லை. செட்டில் வேல்விழி குரல்.

"சரி பெரியம்மா. மஞ்சள், நாலு விரல். கிளம்புதோம்."

பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கையை நீட்டிப் பார்த்தேன். மஞ்சள்... சரியாக நாலு விரல்.

அவள் கரையேறியதும் கேட்டேன்.

"நான் சொல்லுததுக்கு முன்னால எப்படிட்டீ கிளம்பின?"

"நீங்க சொன்னீங்களே."

"நான் அடுப்படியில இருந்தேன்."

"அடுப்படியில இருந்து சொல்லிருப்பீங்க. பாலு பொங்குன வாடை இங்க வரைக்கும் அடிக்குது, அதப் போய்ப் பாருங்க."

மறந்திருப்பேனோ என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது, சுஹைப் சொன்னது. அவன் செட்டை ஜீப்பில்தான் வைத்திருப்பான்.

"பெரியம்மா, நேத்து சாயங்காலம் எதுக்கு சும்மா சும்மா கூப்பிட்டீங்க?"

"நான் எங்கலே கூப்பிட்டேன்?"

"மஞ்சள், நாலு விரல், வரலாம்னு. படகெல்லாம் ஏத்திக் கட்டியாச்சு. நீங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நான் பதில் சொன்னேன், நீங்க காதுல வாங்கல."

அந்த நேரத்தில் நான் இலஞ்சி முருகன் கோயிலில் இருந்தேன். செட் என் பீரோவுக்குள் இருந்தது. சாவி என் முந்தானையில்.

ஆபரேட்டர் மூளை உடனே வேலை செய்தது. யாரோ நம் லைனில் புகுந்திருக்கிறார்கள். என் குரலைப் பிடித்துப் பேசுகிறார்கள். யாரது?

யோசிக்கவே வேண்டியதில்லை. பால்வண்ணநாதன் குரல் மாற்றிப் பேசுவதில் பேர்போனவர். கல்யாண வீடுகளில் தாசில்தார் மாதிரி பேசுவார், தன் மாமியார் மாதிரி பேசுவார், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சம்பந்தி மாதிரி பேசுவார். படகு ஓடக்கூடாது என்பதும் அவர் ஆசை. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிட்டது.

பாலத்தில் வைத்து வழி மறித்தேன்.

"அண்ணாச்சி, என் குரல்ல யாரோ பேசுதாங்களாம்."

"ஒங்க குரல்ல பேசி என்ன கிடைக்கப்போவுது? கடன்கூட தரமாட்டான்."

"ஒங்களுக்குத்தான் அந்தக் கலை தெரியும்."

அவர் கோபப்படவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து, "ஹலோவ்... தென்காசி... லைன்ல இருங்கோ" என்றார். ஆடு கத்துகிற மாதிரி இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதுமா? இதக் கேட்டு யாராச்சும் ஏமாறுவானா?"

சிரித்தேனே தவிர நம்பவில்லை. தெரிந்தவன் தெரியாத மாதிரி நடிப்பதுதான் பெரிய நடிப்பு. வீட்டுக்கு வந்ததும் சுஹைபைக் கூப்பிட்டு எங்கள் மூன்று செட்டிலும் சேனலை மாற்றச் சொன்னேன்.

ஒரு வாரம் எந்தச் சத்தமும் இல்லை. நான் பேசினால் மட்டும் என் குரல் கேட்டது. 'சிக்கிட்டார்' என்று நினைத்துக்கொண்டேன். அவர் தோப்பில் நடமாடினால் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். மடியில் எதையாவது வைத்திருக்கிறாரா? காதில் எதையாவது வைத்துப் பேசுகிறாரா?

அந்த நாள் வந்தது. ஆடி மாதம். காலையில் நல்ல தண்ணீர். மத்தியானம் இங்கே வெயில், மேலே மலை தெரியவில்லை. வேல்விழி மறுநாள் புளியங்குடியிலிருந்து படகில் போக ஆட்களைக் கூட்டிவருவதாக இருந்தாள். அதற்கு முன்னால் தான் மட்டும் ஒரு தடவை போய்ப் பார்க்கவேண்டும் என்று மேலே போயிருந்தாள். எப்போதும் அப்படித்தான். மற்றவர்களை விடுவதற்கு முன்னால் தான் போய்ப் பார்ப்பாள்.

நாலு மணிக்கு நான் கரைக்குப் போனேன். பால்வண்ணநாதன் பாலத்தைக் கடந்து என் கரைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு நாளும் வராதவர். தோளில் சிவப்புத் துண்டு. மடியில் எதுவோ புடைத்துக்கொண்டிருந்தது.

"டெலிபோன் அம்மா, மேகம் கீழ எறங்கிட்டு. ஒங்க பிள்ளைய இன்னைக்கு விடாதீய."

இவருக்கு என்ன திடீர் அக்கறை? மடியையே பார்த்தேன். அவர் புரிந்துகொண்டு அவிழ்த்துக் காட்டினார். வெற்றிலைப் பொட்டலம்.

அப்போதுதான் வாடை மாறியது. பச்சை மண் வாடை. தண்ணீரின் நிறம் டீ மாதிரி ஆனது. ஒரு பிளாஸ்டிக் குடம் மிதந்து போனது. பின்னால் ஒரு வாழைமரம். கூவுகல்லைப் பார்த்தேன். மஞ்சளில் இரண்டு விரல்... ஒரு விரல்... நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் முங்கியது.

செட்டை எடுத்து அழுத்தினேன்.

"வேல்விழி. கிளம்பாதே. மஞ்சள் முங்கிட்டு. திருப்பிச் சொல்லு."

பதில் இல்லை.

"வேல்விழி. திருப்பிச் சொல்லு."

ஸ்ஸ்ஸ்... என்று இரைச்சல் மட்டும். பட்டனிலிருந்து விரலை எடுத்தேன்.

செட் பேசியது.

"மஞ்சள். நாலு விரல் தெரியுது. வரலாம். லைன்ல இருங்க."

என் குரல்.

நம் குரலை டேப்பில் கேட்டால் நம்முடையது மாதிரி இருக்காது. யாருக்கும் அப்படித்தான். கொஞ்சம் மெலிந்து, யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். முப்பது வருஷம் அந்த வேலை பார்த்தவள், எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இது அப்படி இல்லை. நான் பேசும்போது எனக்குள் எப்படிக் கேட்குமோ... அப்படியே இருந்தது.

பால்வண்ணநாதன் செட்டைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். அவர் வாய் மூடியிருந்தது. கன்னத்தில் வெற்றிலை அசையாமல் நின்றது.

"நீங்க பேசல..." என்றார்.

"நீங்களும் பேசல" என்றேன்.

செட்டில் வேல்விழி.

"மஞ்சள், நாலு விரல். கிளம்புதேன் பெரியம்மா."

அழுத்தினேன். கத்தினேன். ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர் பேசுவது போகாது. யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

மொபைலை எடுத்து சுஹைபுக்குப் போட்டேன்.

"ஏலே, படகப் பிடி. விடாத."

"இப்பத்தான தள்ளி விட்டேன். நீங்கதான பெரியம்மா சொன்னீங்க?"

"நான் இல்லலே."

 பிறகு ஓடுகிற சத்தம்.

மேலேயிருந்து இங்கே வர எப்போதும் பத்து நிமிஷம் ஆகும். இந்த வேகத்துக்குப் பாதிகூட ஆகாது.

எனக்கு முழங்கால் வலி. அன்றைக்கு அது நினைவில்லை. கரையின் விளிம்புக்கு வந்து நின்றேன். எதிரே கூவுகல்லின் தலை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. கீழே பாலத்தில் குழாய்கள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம். க்ளக்... க்ளக்...

வளைவில் படகு தெரிந்தது. மூக்கு தூக்கித் தூக்கி வந்தது. வேல்விழி துடுப்பைப் போட்டுத் தடுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏமாந்துவிட்டோம் என்று அவள் தோளிலேயே தெரிந்தது.

அவளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. என் பக்கம், வலது கரையில், பெரிய புங்கமரத்து வேர் தண்ணீருக்குள் நீட்டியிருந்தது. அதைப் பிடித்தால் உண்டு. விட்டால் பாலம்.

"வலது பக்கம்! வலது கரைக்கு வாட்டீ!"

நான் கத்தினேன்.

எதிர்க்கரையிலிருந்து, அந்தச் சாய்ந்த தென்னைக்குப் பின்னாலிருந்து...

"இடது பக்கம்! இடது கரைக்கு வாட்டீ!"

அதே குரல். செட்டில் இல்லை. காற்றில்.

வேல்விழி தலையை இடதுபுறம் திருப்பினாள். வலதுபுறம் திருப்பினாள். துடுப்பு அந்தரத்தில் நின்றது.

"வலது பக்கம்!"

"இடது பக்கம்!"

இந்தத் தடவை சேர்ந்தே வந்தது. நான் வாயைத் திறக்கும்போதே அதுவும் திறந்தது. என் மூச்சில் அதுவும் மூச்சு வாங்கியது.

படகு பாதி தூரம் வந்துவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் ஒரு விஷயம் உண்டு. ஒரே லைனில் இரண்டு பேர் விழுந்துவிட்டால், கத்தினால் பிரியாது. யாராவது ஒருவர் போனை வைக்கவேண்டும்.

நான் வைத்தேன்.

முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். பால்வண்ணநாதன் கத்த வாயெடுத்தார். அவர் வாயை என் கையால் பொத்தினேன். வெற்றிலைச் சாறு கையெல்லாம் வழிந்தது. அவர் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவினேன். தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். பிறகு கையை நீட்டி, புங்கமரத்து வேரைக் காட்டினேன்.

எதிர்க்கரையில் அது நிற்கவில்லை. இப்போது தனியாகப் பேசியது. கத்தவில்லை. கொஞ்சியது.

"இங்கன வாம்மா... பெரியம்மா சொல்லுதேன்ல... இங்கன தண்ணி நாலு விரல்தான்..."

வேல்விழி என்னைப் பார்த்தாள்.

என் மூடிய வாயைப் பார்த்தாள்.

அங்கே குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

துடுப்பை இடதுபுறம் ஓங்கிப் போட்டாள். படகு வலதுபக்கம் திரும்பியது. வேரில் இடித்தது. கவிழ்ந்தது.

தலை தெரியவில்லை.

தெரியவில்லை...

ஒரு கை வேரைப் பிடித்தது.

பால்வண்ணநாதன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். துண்டின் ஒரு முனை என்னிடம், மறு முனை அவரிடம். அவள் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார். மூவரும் சேற்றில் விழுந்தோம்.

படகு போனது. பாலத்தில் மோதி மடங்கி, குழாய்க்குள் போகிற சத்தம் கேட்டது. மூங்கில் முறிகிற மாதிரி. மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகும் அந்தக் குழாய்க்குள்ளிருந்து அதை முழுதாக எடுக்க முடியவில்லை.

வேல்விழி தண்ணீரைக் கக்கினாள். கண்ணைத் திறந்து முதலில் கேட்டது...

"எதுக்கு பெரியம்மா ரெண்டு கரையிலயும் நின்னீங்க?"

பால்வண்ணநாதன்தான் பதில் சொன்னார். "இங்கனதான் நின்னாவ. நான் கூடவே நின்னேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

விளக்கு வைத்த பிறகு, நான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"எங்க அம்மாவுக்கு நிச்சயம் ஆனத தாத்தாவுக்கு ட்ரங்க் கால் போட்டுச் சொன்னீங்களே. தாத்தா மொதல்ல என்ன கேட்டாவ?"

"'மாப்பிள்ளைக்கு முடி இருக்கா'ன்னு கேட்டாவ. என்னட்டீ, என்னையே சோதிக்கியா?"

அவள் கஞ்சியை வாங்கிக்கொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பால்வண்ணநாதன் வந்தார். எதிர்க்கரையில் அவர் ஆட்கள் அந்தத் தென்னையை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்காமலே உட்கார்ந்தார்.

"கூவுகல்லுன்னு ஏன் பேருன்னு தெரியுமா?"

"தண்ணி கூவுறதால."

"பொம்பளைங்க கூவுறதால. பாலம் கட்டுததுக்கு முந்தி, தோப்பு வேலைக்கு வாரவங்க எல்லாம் ஓடையில எறங்கித்தான் வரணும். ஒருத்தி மொதல்ல போய் அந்தக் கல்லுல ஏறி நிப்பா. தண்ணி எவ்வளவுன்னு கூவுவா. அவ கூவினாத்தான் மத்தவங்க எறங்குவாங்க. வள்ளித்தாய்னு ஒருத்திதான் ரொம்ப வருஷம் கூவுனா. நான் அப்போ சின்ன வயசு. நல்ல கணீர்னு இருக்கும்."

"அப்புறம்?"

"ஒரு நாள் காலையில அவ கூவுனா, வரலாம்னு. எறங்கினாங்க. வெள்ளம் இருந்திருக்கு. ரெண்டு பேரு போயிட்டாங்க. ஊரு திரண்டு அவ வீட்டுக்குப் போச்சு. காய்ச்சல்ல கெடக்கா. நான் வீட்ட விட்டே வெளிய வரலைங்கா. யாரு நம்புவா? கேட்டது அவ குரல். எல்லாருந்தான் கேட்டோம்."

"நீங்களுமா?"

"நானும்." வெற்றிலைப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்தார். "நானும் அவள நம்பல."

பிறகு எழுந்து போய்விட்டார்.

வேல்விழி படகு விடுவதை நிறுத்தவில்லை. நிறுத்துகிற பிள்ளை இல்லை. ஆனால் இப்போது செட் கிடையாது. வளைவில் சுஹைப் நிற்பான், கரையில் நான் நிற்பேன். கொடிதான். பச்சைக்கொடி, மஞ்சள்கொடி, சிவப்புக்கொடி. ஓடைக்கரையில் நான் வாயைத் திறப்பதில்லை. இந்தக் கதையைப் பேசி அனுப்புங்கள், ஒலிபரப்புகிறோம் என்று ஒருவர் கேட்டார். மாட்டேன் என்றேன். எழுதித்தான் தருவேன் என்றேன். சீசனுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் ஒரு வயதான பெண் குரல் 'வரலாம்' என்று கூப்பிட்டால், அது நான் இல்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது அல்ல. அதற்குப் பிறகு தெரியவந்த ஒன்று.

வள்ளித்தாய் உயிரோடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, திருவேங்கடம் பக்கம் அவள் மகள் வீட்டுக்குப் போனேன். சுற்றிலும் கரிசல். ஓர் ஓடை கிடையாது, வாய்க்கால் கிடையாது. கிழவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னாள்.

"அம்மா பேசமாட்டாவ. ஊமை இல்ல. அந்த வெள்ளத்துக்குப் பெறவு நிப்பாட்டிட்டாவ. கையால சொல்லுவாவ, எனக்குப் புரியும். அன்னைக்கு காய்ச்சல்ல படுத்துக் கெடக்கும்போது, ஓடைப் பக்கமிருந்து தன் குரல் வந்தத அம்மாவே கேட்டிருக்காவ. எந்திரிச்சு வந்து சொல்லுததுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சாம்."

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். கிழவி விசிறியை ஆட்டிக்கொண்டே கேட்டாள். 'நாலு விரல்' என்று சொன்னபோது மட்டும் அவள் கை நின்றது. என் பக்கமாக நகர்ந்து, என் தொண்டையைத் தொட்டாள். பிறகு தன் கையைத் தூக்கினாள். கட்டைவிரலை மடக்கி, நாலு விரல்.

மகள் முகம் மாறியது.

"அம்மாவும் அப்படித்தான் கூவுவாவளாம். கல்லுக் கழுத்துக்குக் கீழ நாலு விரல்னு. மத்த பொம்பளைங்க முழங்கால், இடுப்புன்னுதான் சொல்லுவாங்களாம். விரல் கணக்கு ஒங்களுக்கு யாரு சொல்லித்தந்தான்னு கேக்காவ."

யார் சொல்லித்தந்தார்கள்?

வேல்விழி நிறம் மட்டும்தான் சொன்னாள். முதல் நாள் கரையில் உட்கார்ந்தேன், கை தானாக நீண்டது, வாய் தானாகச் சொன்னது. அனுபவம் என்றேன். எனக்கு என்ன அனுபவம்? அதற்கு முன்னால் நான் தண்ணீரை அளந்ததே இல்லை.

"யாரும் சொல்லித்தரல" என்றேன்.

கிழவி என்னையே பார்த்தாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள்.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"அம்மாவுக்கும் யாரும் சொல்லித்தரலையாம்."